மோதியும் வளையாத பிக்கப்: சேதம் குறைவா, கண்ணில் படவில்லையா?

பதிவு 1 · சரக்கோட்டி

அனைவருக்கும் வணக்கம். மூன்று நாட்களுக்கு முன், சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்த என் இரட்டைக் கேபின் பிக்கப்பின் பின்புறத்தில் ஒரு சிறிய கார் வந்து மோதியது. பின்தொட்டியில் ஏறத்தாழ 400 கிலோ சரக்கு இருந்தது. என் கால் பிரேக்கின் மீது இருந்தது. மோதிய காரின் பானட் கூரையைப் போல் மடிந்து எழும்பியது, ரேடியேட்டர் உடைந்து கூலன்ட் சாலையில் ஓடியது, முன்பக்க ஏர்பேகுகள் இரண்டும் விரிந்தன. இறுதியில் அதை இழுவை வண்டியில் ஏற்றித்தான் கொண்டு சென்றார்கள். ஓட்டி வந்தவருக்கு, ஏர்பேக் உரசியதால் முன்கையில் ஏற்பட்ட சிராய்ப்பைத் தவிர வேறு காயம் இல்லை என்பது பெரிய ஆறுதல்.

என் வண்டிக்கு நேர்ந்தது இவ்வளவுதான்: பம்பரின் வலது பாதியில் ஒரு குழி, பின்தொட்டியின் கதவான டெயில்கேட்டின் கீழ் விளிம்பில் கையகலத்துக்கு ஒரு கீறல், வளைந்துபோன நம்பர் பலகை. டெயில்கேட் வழக்கம்போல் திறந்து மூடுகிறது, விளக்குகள் எரிகின்றன, நானே வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். பார்த்தவர்கள் அனைவரும் "இரும்பு என்றால் இதுதான் இரும்பு" என்று பாராட்டினார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம், பம்பரை மாற்றி டெயில்கேட்டுக்கு வண்ணம் பூசிவிட்டால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. அதை ஒப்புக்கொள்ளலாமா, அல்லது பம்பருக்குப் பின்னால் வேறு எதையேனும் பார்க்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 · பழையஇரும்பு

ஐயா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சேசிஸ் உள்ள வண்டிக்கும் தகர டப்பாவுக்கும் உள்ள வேறுபாட்டை நேரில் பார்த்துவிட்டீர்கள். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே பிக்கப்பை ஓட்டுகிறேன். அதன் மீது மரமும் சாய்ந்திருக்கிறது, டிராக்டரும் மோதியிருக்கிறது. பம்பரைச் சுத்தியலால் தட்டி நேராக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கச் செல்வதுதான் என் வழக்கம். இப்போதைய கார்கள் விரல் பட்டாலே நசுங்குகின்றன. உற்பத்திச் செலவைக் குறைப்பதற்காகப் பாதுகாப்பைப் பலி கொடுத்துவிட்டார்கள் என்பதே என் கருத்து.

பதிவு 3 · ஏணிச்சட்டம்

கையெழுத்திட வேண்டாம், முதலில் பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

விபத்து வண்டிகளின் சட்டங்களை நேராக்கும் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பிக்கப்பின் உடல் ஒரே துண்டு அன்று. கீழே ஏணி வடிவில் இரண்டு நீண்ட எஃகுத் தண்டுகளும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் இருக்கின்றன. சேசிஸ் என்பதும் சட்டம் என்பதும் இந்த அமைப்பைத்தான். அவற்றின் மேல் கேபின் தனியாக ரப்பர் மவுண்டுகளில் அமர்ந்திருக்கிறது, பின்தொட்டியும் தனியாகப் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. காரில் பின்புறம் அடி வாங்கினால் தரைத்தகடு சுருங்கும், பின்கதவு மூடாது, கூரை ஓரத்தில் வண்ணம் வெடிக்கும். வண்டியே அழுது காட்டிவிடும். பிக்கப்பில் அப்படி நடப்பதில்லை. அடியை வாங்குவது கீழே உள்ள சட்டம். நாம் பார்ப்பதோ அதன் மேல் உட்கார்ந்திருக்கும் தகடுகள். ஆகவே தகடு சரியாக இருக்கிறது என்பதை வைத்துச் சட்டமும் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேபினின் பின்சுவருக்கும் தொட்டியின் முன்சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். அதை இடப்பக்கமும் வலப்பக்கமும், மேலும் கீழுமாக நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் சட்டம் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று ஐயப்படலாம். ஒரு பக்கம் மட்டும் மேலும் கீழும் ஒரே அளவு குறைந்திருந்தால், தொட்டி போல்ட்டுகளில் நழுவியிருக்கலாம் அல்லது ஒரு தண்டு மட்டும் முன்னோக்கித் தள்ளப்பட்டிருக்கலாம்.

இன்னொரு கேள்வி: பின்புறம் இழுவைக் கொக்கி பொருத்தியிருந்தீர்களா?

பதிவு 4 · விசையும்எடையும்

"தகர டப்பா" என்ற சொல்லைப் பற்றிச் சிறிது பேச வேண்டும், ஏனெனில் இந்த விபத்தில் உயிர்ச்சேதமின்றி அனைவரும் வீடு திரும்பியதற்கு அந்தத் தகர டப்பாவுக்கும் பெரும் பங்கு உண்டு.

கணக்கை எளிதாக்க, சரக்கோடு சேர்த்து பிக்கப்பின் எடை 2,400 கிலோ, காரின் எடை 1,200 கிலோ, மோதிய வேகம் மணிக்கு 36 கி.மீ. (நொடிக்கு 10 மீட்டர்) என்று வைத்துக்கொள்வோம். மோதிய கணத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்ந்ததாகக் கொண்டால், பொதுவான வேகம் மணிக்கு 12 கி.மீ. ஆகிறது. அதாவது பிக்கப்பின் வேகம் பூச்சியத்திலிருந்து 12-க்கு மாறியது; காரின் வேகம் 36-லிருந்து 12-க்கு, அதாவது 24 அளவுக்கு, மாறியது. இரு வண்டிகளும் ஒன்றன்மீது ஒன்று செலுத்திய விசை எந்த நொடியிலும் சமம்தான். ஆனால் எடையில் பாதியாக இருந்த கார் இருமடங்கு வேகமாற்றத்தைத் தாங்கியது. எனவே பிக்கப் குறைவாகப் பாதிக்கப்பட்டதற்கு அதன் இரும்பின் தரத்தை விட அதன் எடையே முதற்காரணம்.

அடுத்து ஆற்றல். மோதலுக்கு முன் காரிடம் இருந்தது 60 கிலோஜூல். மோதலுக்குப் பின் இரண்டும் நகர்ந்த இயக்கத்தில் எஞ்சியது 20 கிலோஜூல். மீதி 40 கிலோஜூல் எங்கே? அந்தக் காரை 3.4 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் அது. உலோகத்தை மடிப்பதிலும் பிளாஸ்டிக்கை நொறுக்குவதிலும்தான் அது செலவாகியிருக்க வேண்டும். அதில் பெரும்பகுதியை மடிந்த பானட்டும் உடைந்த ரேடியேட்டரும் அவற்றுக்குப் பின்னால் இருந்த தண்டுகளும் விழுங்கிக்கொண்டன. சரக்கோட்டி அவர்களின் பம்பர் நன்றாக இருப்பதற்கான விலையை எதிர்த்தரப்புக் காரின் முகம் செலுத்தியிருக்கிறது. இதே பிக்கப் இதே வேகத்தில் நகராத ஒரு சுவரில் மோதியிருந்தால் 120 கிலோஜூலையும் தானே வாங்கிக்கொள்ள நேர்ந்திருக்கும். அப்போது "இரும்பு என்றால் இதுதான் இரும்பு" என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நசுங்குவதற்கென்றே வண்டியின் முன்னையும் பின்னையும் வடிவமைத்து, நடுவில் உள்ள பயணிகள் அறையை மட்டும் விறைப்பாக வைக்கும் எண்ணம் செலவுக் குறைப்பில் பிறந்ததன்று. மெர்சிடிஸ் பென்ஸில் பணியாற்றிய பேலா பாரெனி இதற்கான காப்புரிமைக்கு 1951-இல் விண்ணப்பித்தார். 1959-இல் வெளிவந்த டபிள்யூ 111 வரிசைக் கார்களில் அது முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய இரும்பின் பெருமையைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2009-இல் தன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, 1959-ஆம் ஆண்டின் செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டின் செவ்ரோலே மாலிபு காரையும் மணிக்கு ஏறத்தாழ 64 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர், ஓரமாக மோதவிட்டது. பழைய காரின் ஓட்டுநர் அறை சிதைந்து, ஓட்டுநர் இடத்தில் அமர்த்தியிருந்த சோதனைப் பொம்மையின் மீது ஸ்டியரிங் ஏறிவிட்டது. புதிய காரின் முன்புறம் நொறுங்கிப்போனாலும் அறை அப்படியே நின்றது.

பதிவு 5 · பழையஇரும்பு

விசையும்எடையும் ஐயாவின் கணக்கில் குறை காண எனக்குப் படிப்பு போதாது. ஆனால் பெல் ஏர் ஒரு கார். அதற்கும் பிக்கப்புக்கும் என்ன தொடர்பு என்பது விளங்கவில்லை.

பதிவு 6 · விசையும்எடையும்

நியாயமான கேள்விதான். பெல் ஏரில் இருந்ததும் தனிச் சேசிஸ்தான் என்பதாலேயே அதைச் சொன்னேன். எக்ஸ் எழுத்தைப் போன்ற வடிவில் நடுவில் குறுகிச் செல்லும் சட்டம் அது. ஓர் ஓரத்தில் மோதியபோது அடியைத் தாங்க அந்த இடத்தில் தண்டே இல்லாமல் போயிற்று. சேசிஸ் இருக்கிறதா என்பதை விட, மோதிய இடத்துக்கு நேராக அது இருக்கிறதா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இக்கால பிக்கப்புகள் பலவற்றிலும் முன் தண்டுகளின் முனைகள் மடிந்துகொடுக்கும்படிதான் செய்யப்படுகின்றன.

பதிவு 7 · சரக்கோட்டி

ஏணிச்சட்டம் ஐயாவுக்கு: அளந்துவிட்டேன். இடப்பக்கம் மேலே 30 மி.மீ., கீழே 30 மி.மீ. வலப்பக்கம் மேலே 25, கீழே 25. விபத்துக்கு முன் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. ஆனால் இந்த வேறுபாட்டை இதற்கு முன் நான் கவனித்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இழுவைக் கொக்கி இருந்தது. அதன் உருண்டைத் தலை பம்பருக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. மோதிய காரின் முன் கிரில்லில் வட்டமாக ஓர் ஓட்டை விழுந்திருந்ததை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

பதிவு 8 · ஏணிச்சட்டம்

நான் அஞ்சியது அதுதான்.

பம்பரின் வேலை, சிறிய அடியைத் தானும் தன் பின்னால் உள்ள தாங்கிகளும் வளைந்து வாங்கிக்கொண்டு தண்டுகளைக் காப்பாற்றுவது. இழுவைக் கொக்கியோ நேராகச் சட்டத்தின் இரு தண்டுகளிலும் போல்ட்டு போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. பம்பருக்கு முன்பாகவே கொக்கி அடி வாங்கினால், வளைவதற்கென்று வைத்த பகுதியைத் தாண்டி, வளையக்கூடாத பகுதிக்கு விசை போய்ச் சேரும். அதனால்தான் கொக்கி உள்ள வண்டிகளில் பம்பர் ஏறக்குறைய புதிதுபோல் இருக்கும், ஆனால் போல்ட்டுத் துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருக்கும். சுமை இழுக்காத நாட்களில் அந்த உருண்டையைக் கழற்றி வைக்கும்படி நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறேன். இருட்டில் அதில் முழங்காலை இடித்துக்கொண்டவர்கள் மட்டும் கேட்கிறார்கள்.

இடைவெளி ஒரு பக்கம் மட்டும் சீராகக் குறைந்திருப்பதால் இரண்டு காரணங்களுக்கு இடமுண்டு. தொட்டி மட்டும் நழுவியிருந்தால் செலவு குறைவு. போல்ட்டுகளைத் தளர்த்தித் திரும்ப நிறுத்திவிடலாம். தொட்டியின் போல்ட்டு வாஷர்களைச் சுற்றி, முன்பு மூடியிருந்த வண்ணம் பிறைநிலா வடிவில் புதிதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது நகர்ந்த தடம். தண்டே நகர்ந்திருக்கிறதா என்பதை அறியத் தூக்குக்குண்டும் சாக்பீஸும் போதும். இன்றைய பட்டறைகளில் கணினி அளவீட்டு மேடைகள் இருக்கின்றன, இறுதி முடிவு அவற்றில்தான் எடுக்கப்பட வேண்டும். ஆனால் பட்டறைக்குப் போவது தேவையா என்று முடிவு செய்ய இந்தப் பழைய முறை நன்றாகவே உதவும்.

வண்டியைச் சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, சரக்கை இறக்கிவிடுங்கள். சட்டத்தில் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று இணையாக உள்ள துளைகளைத் தேர்ந்தெடுங்கள். தொழிற்சாலையில் அளவுக்காகவே போடப்பட்ட வட்டத் துளைகள் இருக்கும். முன்பகுதி, கேபினுக்கு அடியில், பின் அச்சுக்குச் சற்று முன், சட்டத்தின் கடைசி முனை என்று இரண்டிரண்டாக நான்கு இணைகள் போதுமானவை. ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது அசையாமல் நின்ற பின் தரையில் புள்ளி வையுங்கள். பிறகு வண்டியை நகர்த்திவிட்டால் உங்கள் சேசிஸின் நிழல் எட்டுப் புள்ளிகளாகத் தரையில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு இணைகளை எடுத்துக்கொண்டு குறுக்காக அளங்கள்: இடது முன்னிலிருந்து வலது பின், வலது முன்னிலிருந்து இடது பின். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டு மற்றொன்று குறுகியிருந்தால் அந்தக் கட்டம் செவ்வகமாக இல்லை, சாய்ந்துவிட்டது என்று பொருள். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு கையளவையின் பிழையாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் குறித்துள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும்.

பொறுமையில்லாமல் செய்தால் இந்த அளவையால் பயனில்லை. காற்றில் குண்டு ஆடும்போது வைத்த புள்ளியை நம்பி நல்ல சட்டத்தை இழுத்துக் கெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பதிவு 9 · இரவுப்பணி

மருத்துவமனை அவசரப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். எட்டுப் பதிவுகளில் வண்டியின் முதுகெலும்பைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். ஓட்டியவரின் முதுகெலும்பைப் பற்றி எவரும் கேட்கவில்லையே.

பின்னாலிருந்து அடிபடும்போது இருக்கை உடலை முன்னே தள்ளுகிறது, தலை மட்டும் ஒரு கணம் பின்தங்கி, பிறகு முன்னே வீசப்படுகிறது. இதனால் கழுத்துத் தசைகளிலும் தசைநார்களிலும் ஏற்படும் காயத்தின் வலி பல மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாட்கள் கழித்தோ தொடங்குவது உண்டு. வண்டிக்குச் சேதம் குறைவு என்பதைக் காரணம் காட்டி வலியைப் பொருட்படுத்தாதவர்களை அடிக்கடி பார்க்கிறோம். கைகளில் மரத்துப்போதல், பலவீனம், கடுமையான தலைவலி, தலைசுற்றல், நடையில் தடுமாற்றம் இவற்றுள் எது தோன்றினாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தலைத்தாங்கியின் மேல்விளிம்பு உங்கள் தலையின் உச்சி அளவுக்கு உயர்ந்திருக்கிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள். பலர் அதைக் கடைசிவரை கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள்.

பதிவு 10 · சரக்கோட்டி

அம்மா, கேட்டதற்கு நன்றி. இரண்டாம் நாள் காலையில் கழுத்தின் வலப்புறம் இறுக்கமாக இருந்தது. கனமான மூட்டையைத் தூக்கியதால் வந்தது என்று எண்ணியிருந்தேன். நாளை மருத்துவரைப் பார்க்கிறேன். தலைத்தாங்கி கீழேதான் இருந்தது.

பதிவு 11 · விசையும்எடையும்

செவிலியர் சொன்னதோடு ஓர் எண்ணையும் சேர்க்கிறேன். 12 கி.மீ. வேகமாற்றம் பத்தில் ஒரு நொடியில் நிகழ்ந்தால், சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. வண்டி எவ்வளவு விறைப்பாக, எவ்வளவு குறைவாக நசுங்குகிறதோ அவ்வளவுக்கு அந்த நேரம் சுருங்கும். நேரம் சுருங்கினால் முடுக்கம் ஏறும். கொக்கி வழியாக நேராகச் சட்டத்துக்குப் போன அடி, மெத்தென்று வாங்கப்பட்ட அடி அன்று. வளையாத வண்டியில் அமர்ந்திருப்பவரின் கழுத்துக்கு அந்த விறைப்பில் எந்த நன்மையும் இல்லை.

சரக்கைப் பற்றியும் ஒரு கேள்வி: அதைக் கட்டியிருந்தீர்களா? கட்டிய சரக்கு வண்டியோடு சேர்ந்து எடையாக நின்று உங்களுக்கு உதவியிருக்கும். கட்டாத சரக்கு, வண்டி முன்னே நகரும்போது இருந்த இடத்திலேயே நிற்க முயன்று டெயில்கேட்டின் மீது உள்ளிருந்து சாய்ந்திருக்கும். எனவே கதவின் உட்புறத்தையும் கீல்களையும் தாழ்ப்பாளையும் பாருங்கள்.

பதிவு 12 · நேர்கோடு

நான் மாற்றுக் கருத்து உடையவன். வண்டி நேராக ஓடுகிறது, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கவில்லை, டயர் ஒரு பக்கமாகத் தேயவில்லை என்றால் வீல் அலைன்மென்ட் பார்த்து அறிக்கை வாங்கிக்கொண்டால் போதுமானது. எல்லா மோதலுக்கும் சேசிஸை அளக்கத் தொடங்கினால் பட்டறைகளுக்குத்தான் கொண்டாட்டம்.

பதிவு 13 · ஏணிச்சட்டம்

பட்டறைக்காரனாகிய என்னிடமே இதைச் சொல்கிறீர்கள். பரவாயில்லை, அந்த ஐயம் எல்லோருக்கும் இருக்க வேண்டியதுதான்.

அலைன்மென்ட் அறிக்கை தேவையானதே. ஆனால் முன்சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்ய வழி உண்டு என்பதால், சிறிய கோணலை அந்தச் சரிசெய்தலுக்குள் மறைத்துவிடவும் முடியும். லீஃப் ஸ்பிரிங்குகளில் அமர்ந்த பின் அச்சுக்கோ சரிசெய்யும் திருகு எதுவும் கிடையாது. ஸ்பிரிங் பட்டைகளை ஒன்றாகப் பிடித்திருக்கும் நடு போல்ட்டு அறுந்தாலோ, அச்சை ஸ்பிரிங்கோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டு தளர்ந்தாலோ அச்சு ஒரு பக்கம் முன்னே நகர்ந்துவிடும். அப்போது பின்சக்கரங்கள் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஓட்டுநர் தன்னையறியாமல் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டு நேராக ஓட்டுவார். பின்னால் வருபவருக்கு அந்த வண்டி நண்டு நடப்பதுபோல் தெரியும். எனவே அறிக்கை வாங்கும்போது முன்சக்கர எண்களை மட்டும் பார்க்காமல், பின் அச்சு எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதைக் காட்டும் கோணத்தையும் கேட்டுப் பாருங்கள். சரக்கோட்டி அவர்களின் வண்டியில் அடி விழுந்தது அச்சுக்குப் பின்னால் உள்ள பகுதியில். அங்கே தண்டு வளைந்திருந்தாலும் அலைன்மென்ட் அறிக்கை முழுமையாகச் சரியாகவே வரக்கூடும். நான்கு சக்கரங்களும் அந்த வளைவுக்கு முன்னால்தானே இருக்கின்றன.

பதிவு 14 · படிவம்

காப்பீட்டுக் கோரிக்கைகளை ஆய்வு செய்யும் தொழிலில் இருக்கிறேன். சுருக்கமாகச் சில செய்திகள்.

"முழுமையான, இறுதியான தீர்வு" என்ற சொற்கள் உள்ள தாளில் பம்பரைக் கழற்றுவதற்கு முன் கையெழுத்திடாதீர்கள். வெளியிலிருந்து பார்த்து எழுதும் மதிப்பீடு முதல் மதிப்பீடு மட்டுமே. கழற்றிய பின் தெரியும் சேதத்துக்குத் துணை மதிப்பீடு கேட்பது வழக்கமான நடைமுறை, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கழற்றுவதற்கு முன்னும் கழற்றும்போதும் அளவுகோல் தெரியும்படி படமெடுங்கள். பின் மூலைகளில் பக்கவாட்டு வண்டிகளை உணரும் ரேடார் இருந்தால், பம்பரை மாற்றிய பின் அதன் கோணத்தைச் சரிபார்த்ததற்கான தாளையும் கேட்டு வாங்குங்கள். விளக்கு எரிகிறது என்பதால் உணரி சரியான திசையைப் பார்க்கிறது என்று ஆகிவிடாது.

உங்கள் வண்டியில் ஏர்பேக் விரியவில்லை என்பதை எதிர்த்தரப்பு "சிறிய மோதல்" என்பதற்குச் சான்றாகக் காட்டினால் ஏற்க வேண்டாம். முன்பக்க ஏர்பேகுகள் முன்னாலிருந்து வரும் மோதலுக்கானவை. பின்னாலிருந்து அடிபட்டால் அவை பொதுவாக விரிவதில்லை. ஏர்பேக் கணினியில் மோதல் பதிவி இருக்கும் வண்டிகளில், மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகமும் பிரேக் நிலையும் பதிவாகியிருக்கலாம். அமெரிக்க விதியின்படி, 150 மில்லிநொடிக்குள் வேகமாற்றம் மணிக்கு 8 கி.மீ. அளவை எட்டுவதே பதிவைத் தூண்டும் வரம்பு. வழக்கு ஏற்பட்டால் மோதிய காரின் பதிவு உதவும்.

பின்னிருக்கையில் குழந்தை இருக்கை பொருத்தியிருந்தால் அதன் கையேட்டையும் பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் எந்த மோதலுக்குப் பிறகும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதிவு 15 · மண்சாலை

இவ்வளவும் படித்த பின், பின்னாலும் முன்னாலும் கனமான எஃகுக் குழாய்த் தடுப்பு பொருத்திவிடலாம் என்று தோன்றுகிறது. பம்பரே வளையாவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

பதிவு 16 · விசையும்எடையும்

நண்பரே, நாம் பதினைந்து பதிவுகளாக அதன் மறுபக்கத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். வளையாத தடுப்பு அடியை அழிப்பதில்லை. ஏணிச்சட்டம் ஐயா விவரித்த இழுவைக் கொக்கியைப் போலத் தண்டுக்கு அனுப்பி வைக்கிறது. முன்புறத்தில் அது ஏர்பேக் உணரிகளின் கணக்கையும் குலைக்கக்கூடும், ஏனெனில் தொழிற்சாலை பம்பர் எவ்வாறு நசுங்கும் என்பதை வைத்தே அந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. நடந்து செல்பவர் மீது பட்டால் என்னாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

உயரப் பொருத்தம் இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் கார்களின் பம்பர், தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலம் வரையிலான பட்டைக்குள் அடியைத் தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பிக்கப்புகளுக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே காரின் பம்பர் பிக்கப்பின் பம்பருக்குக் கீழே நுழைந்து, நசுங்குவதற்கென்று வைத்த தண்டுகள் தொடப்படாமலேயே பானட்டும் ரேடியேட்டரும் நொறுங்கிவிடுகின்றன. இந்த இழையின் முதல் பதிவில் சொல்லப்பட்ட காட்சியும் ஓரளவு அதுவே. இதைக் குறைப்பதற்காக 2003-இல் வண்டித் தயாரிப்பாளர்கள் அங்கே தாமாக ஓர் உடன்பாடு செய்துகொண்டு, 2009 செப்டம்பருக்குள் பிக்கப்புகளின் முன்பக்கத் தாங்கு பகுதிகளைக் கார்களின் உயரத்தோடு ஒத்துப்போகச் செய்வதாக ஏற்றார்கள். புதிய கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பு மதிப்பெண் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2020 முதல், 1,400 கிலோ எடையுள்ள நகரும் தடுப்பை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எதிரே அனுப்பி மோதவிடுகிறது. சோதிக்கப்படும் வண்டி அந்தத் தடுப்பை ஓரிடத்தில் ஆழமாகக் குத்தினால், அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கிறது. தன் பயணிகளைக் காப்பாற்றினாலும் எதிரில் வருபவரைக் குத்திக் கிழிக்கும் வண்டி நல்ல வண்டியாகக் கருதப்படுவதில்லை. பின்பம்பரை உயர்த்தியும் விறைப்பாக்கியும் பொருத்த நினைப்பவர்கள், அடுத்து வந்து மோதுபவர் தம் பிள்ளையாகவும் இருக்கலாம் என்பதை எண்ணிக்கொள்ளட்டும்.

பதிவு 17 · சரக்கோட்டி

பத்து நாட்களுக்குப் பின் எழுதுகிறேன். இழையைத் தொங்கலில் விட்டதற்குப் பொறுத்தருள்க.

தூக்குக்குண்டு அளவையை இரண்டு மாலைகள் செய்தேன். முதல் மாலை காற்றடித்ததால் அளவுகளை நம்பவில்லை. இரண்டாம் மாலை முன் கட்டத்தில் குறுக்களவு வேறுபாடு 1 மி.மீ., நடுக்கட்டத்தில் 2 மி.மீ. வந்தன. பின் அச்சுக்கும் சட்டத்தின் முனைக்கும் இடைப்பட்ட கடைசிக் கட்டத்தில் 9 மி.மீ. வந்தது. மூன்று முறை அளந்தும் அது மாறவில்லை. அந்தத் தாளோடு பட்டறைக்குச் சென்றேன். பம்பரையும் கொக்கியையும் கழற்றினார்கள். கொக்கியின் வலப்பக்கப் போல்ட்டுத் துளைகள் இரண்டும் நீள்வட்டமாகியிருந்தன. வலது தண்டின் முனை முன்னோக்கியும் உள்நோக்கியும் நகர்ந்திருந்தது, கடைசிக் குறுக்குச் சட்டத்தின் பற்றவைப்பு ஓரத்தில் வண்ணம் மயிரிழைபோல் வெடித்திருந்தது. ஸ்டெப்னியைத் தாங்கும் சங்கிலிச் சுற்றியின் கைப்பிடிக் குழாயும் வளைந்திருந்ததால், டயர் பஞ்சராகியிருந்தால் நடுவழியில் ஸ்டெப்னியை இறக்கவே முடிந்திருக்காது. அதை நான் கனவிலும் சோதித்திருக்க மாட்டேன். தொட்டியின் வாஷர்களில் பிறைத் தடம் வலப்பக்கம் மட்டும் இருந்தது. சரக்கைக் கட்டியிருந்தேன், அதனால் டெயில்கேட்டின் உட்புறத்தில் எதுவும் இல்லை.

அளவீட்டு மேடையில் ஏற்றி, சூடுபடுத்தாமல் குளிர்நிலையிலேயே தண்டை இழுத்து நேராக்கினார்கள். வெடித்த குறுக்குச் சட்டத்தை மாற்றினார்கள். காப்பீட்டு நிறுவனம் முதலில் தயங்கியது. தரையில் வைத்த புள்ளிகளின் படத்தையும் துளைகளின் படத்தையும் அனுப்பிய பின் துணை மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டது. கழுத்துக்கு இரண்டு வாரப் பயிற்சி சொல்லியிருக்கிறார்கள்; இப்போது தலையைத் திருப்ப முடிகிறது. கொக்கியின் உருண்டை கழற்றப்பட்டு இருக்கைக்கு அடியில் கிடக்கிறது.

பதிவு 18 · ஏணிச்சட்டம்

சூடுபடுத்தாமல் இழுத்தது சரியான முடிவு. வலிமை கூட்டிய எஃகைச் சிவக்கக் காய்ச்சி நேராக்கினால் அளவு சரியாக வரும், வலிமை போய்விடும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின், தொட்டியின் போல்ட்டுகளையும் பின் யூ போல்ட்டுகளையும் குறித்த இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அப்போது பின் சக்கரங்களில் ரீங்காரம் கேட்டால் பேரிங்கையும் பாருங்கள்.

பதிவு 19 · பழையஇரும்பு

நேற்று விடுமுறை. என் வண்டிக்கு அடியில் படுத்து, ஏணிச்சட்டம் ஐயா சொன்னபடி எட்டுப் புள்ளிகளையும் வைத்துப் பார்த்தேன். முன் கட்டத்தில் குறுக்களவு வேறுபாடு 14 மி.மீ. வருகிறது. டிராக்டர் மோதியது அந்தப் பக்கம்தான். ஆனால் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. இடது முன் டயர் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது, அதை நான் சாலையின் குற்றம் என்று எண்ணியிருந்தேன். எங்கேனும் தவறாக அளந்திருப்பேனா?

பதிவு 20 · ஏணிச்சட்டம்

நான்கு டயர்களிலும் காற்றைச் சமப்படுத்திவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள் ஐயா. குண்டு நின்ற பிறகு புள்ளி வையுங்கள்.

பதிவு 21 · பழையஇரும்பு

அளந்துவிட்டேன். 13.